ஒழுகும் கிண்ணத்துக்கு ஒரு பேர்

குனிமோத்தோ எங்கள் ஹாகி ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். என் காய்கறிக் கடைக்கு நேர் எதிர்க் கடை. கை சுத்தம், பேச்சு குறைவு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் வரலக்கா" என்பான். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இனி எந்த ரயிலில் நேரம் வந்து இறங்கும் என்று கேட்பேன். கத்தரியைத் துடைக்கப் போய்விடுவான்.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் தேநீர்க் கிண்ணம். எங்கள் ஊர்ச் சூளையில் சுட்ட கிண்ணம் புதுசில் வெளுத்துத்தான் இருக்கும். அதன் பூச்சில் மெல்லிய விரிசல்கள் ஓடும். குடிக்கக் குடிக்கத் தேநீர் அவற்றில் இறங்கி, வருஷம் போகப் போக நிறம் மாறும். எல்லாரும் புதுக் கிண்ணம் வாங்கித் தாங்களே குடித்துப் பழக்குவார்கள். இவனோ வேறு யாரோ குடித்துப் பழக்கியதையே தேடித் தேடி வாங்குவான். வாங்கியதில் ஒரு வாய் குடிக்கவும் மாட்டான்.

"ஊரான் எச்சிலையா காசு குடுத்து வாங்கற? அடுத்து பல்குச்சியும் வாங்குவியா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

அவன் கோபப்படவில்லை. ஒரு கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். "இந்தப் பக்கம் மட்டும் கருத்திருக்கு பாருங்கக்கா. யாரோ தினமும் இதே எடத்துல வாய் வெச்சுக் குடிச்சிருக்காங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பேசிட்டு இருந்திருப்பாங்க."

வீட்டுக்குப் போய் என் கிழவனுக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

ஹருயோ வந்தது அதற்குப் பிறகு. கோயில் பக்கத்துத் தெருக்காரி, கணவன் தபால்காரனாக இருந்து இறந்துபோனவன். முதல் வருஷத் திதி முடிந்ததும் அவனுடைய கிண்ணத்தைக் கொண்டுவந்து குனிமோத்தோவிடம் விற்றாள். அலமாரியில் இருந்துகொண்டு தன்னையே பார்க்கிறதாம். விற்றுவிட்டுப் போனவள் கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தாள்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேங்க."

அன்று திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. "உக்காருங்க. வெறுங்கிண்ணத்தப் பாத்து என்ன பண்றது?" என்று சொல்லி, அவன் தண்ணீர் வைத்து, பச்சைத் தேயிலைப் பொடியை நுரைக்க அடித்து, அதே கிண்ணத்தில் கொடுத்தான். அவள் குடித்து முடித்து, வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து, எங்கள் தேநீர் முறைப்படி விருந்தாளி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இதுக்கு என்ன பேருங்க?"

நல்ல கிண்ணத்துக்குப் பேர் வைப்பது எங்கள் வழக்கம். இதற்குப் பேர் வைத்ததே அவள் புருஷன்தான். இருந்தாலும் முறை முறைதானே! "மாலைத்தூறல்னு சொல்லுவாங்க" என்றான் குனிமோத்தோ.

"நல்ல பேருங்க" என்றாள் அவள். எந்தப் பேரைச் சொன்னாலும் விருந்தாளி அதைத்தான் சொல்வாள்.

பிறகு திங்கள்தோறும் வந்தாள். நானும் ஏதாவது ஒரு சாக்கில் நாலு புளிப்பு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் கிண்ணத்தைப் பார்ப்பாள்; அவன் அவளைப் பார்ப்பான்; கிண்ணத்துக்குள் இருந்தபடி செத்துப்போன தபால்காரன் இரண்டு பேரையும் பார்ப்பான். யாருக்காக வருகிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. குனிமோத்தோவுக்கு அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் காதோரத்தை அரைகுறையாக விட்டு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அவன் செய்த காரியம்தான் என்னை அசத்தியது. சூளைக்குப் போய், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புதுக் கிண்ணம் வாங்கி வந்தான். பால் போல வெள்ளை. அந்தத் திங்கட்கிழமை தேநீரை அதில் அடித்து அவள் முன்னால் வைத்தான்.

எங்கள் ஊர் மண் புதுசில் ஒழுகும். அவள் எடுத்துக் குடிக்கையில் அடியில் கசிந்து மடியில் சொட்டியது.

"ஐயோ, கிண்ணம் அழுவுதுங்க!" என்று சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பழகினா நின்னுடும். நாம ரெண்டு பேரும் குடிச்சிட்டே இருந்தா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டு, காது வரை சிவந்து, அடுப்பைப் பார்க்கத் திரும்பினான். நான் ஆரஞ்சுத் தோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அன்று முதல் இருவரும் அதிலேயே மாறி மாறிக் குடித்தார்கள். மாலைத்தூறல் பெட்டிக்குள் போனது. அதை எடுக்கச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. ஆனால் புதுக் கிண்ணத்தின் பேரையும் கேட்கவில்லை. பேர் வைக்காத கிண்ணம் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளையில் லேசாக ஒரு பழுப்பு படர ஆரம்பித்திருந்தது.

வசந்தத்தில் ஹிரோஷிமாவிலிருந்து மகன் அவளைக் கூப்பிட்டான். மருமகளுக்குப் பிரசவம், அதோடு அங்கேயே இருந்துவிடச் சொன்னான். கிளம்புவதற்கு முந்தின திங்கட்கிழமை சொல்லிக்கொள்ள வந்தாள்.

குனிமோத்தோ மாலைத்தூறலைப் பெட்டியோடு துணியில் கட்டி வைத்திருந்தான். "இது உங்களோடதுங்க. கொண்டு போங்க" என்றான். அவள் தலை குனிந்து வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு புதுக் கிண்ணத்தில் அவன் கொடுத்ததைக் குடித்தாள். மெதுவாகத் துடைத்தாள். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு என்ன பேருங்க?"

கேட்டுவிட்டாளே! இதற்கு மேல் ஒரு பெண் எங்கள் ஊரில் என்ன கேட்க முடியும்? வாயில் வந்த எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் போதும்.

"ஐயய்யோ, பேர் வெக்கிற அளவுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று குனிமோத்தோ கையை ஆட்டினான். "ஒண்ணுக்கும் உதவாத சாமான்."

பாழாய்ப்போன பணிவு! எங்கள் பழக்கம் அது. வீட்டுக்கு வருபவரிடம் என் வீடு குப்பை என்போம், சமையல் வாயில் வைக்க விளங்காது என்போம், பெற்ற பிள்ளையையே மக்கு என்போம். வேண்டுமென்று சொல்வதில்லை, நாக்கு தானாகச் சொல்லிவிடும். அவன் நாக்கும் சொல்லிவிட்டது.

ஹருயோ கிண்ணத்தைப் பாயில் வைத்து, குனிந்து வணங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெரு முனை திரும்பியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, அவங்க கேட்டது..."

"ஆமாண்டா, அதேதான். அத்தனை பேர் தலையத் தடவறியே, உன் தலைக்குள்ள என்னடா இருக்கு?"

அவன் அழுதான். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதனால்தான் திட்டினேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு திங்கட்கிழமை பகலில், நானே அவனைக் கடைத் தொலைபேசி முன்னால் நிறுத்தினேன். ஹிரோஷிமா எண்ணைச் சுழற்றினான். அவள் எடுத்தாள். ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நானும் நின்றேன். அங்கே மழையா என்றான். பேத்தி சௌக்கியமா என்றான். முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தேன்.

"அந்தக் கிண்ணத்துக்குப் பேர் வெச்சிட்டேங்க."

"அப்படியா? என்ன பேருங்க?"

"வாங்க."

"என்னங்க?"

"'வாங்க'ன்னுதாங்க பேர்."

அந்தப் பக்கம் எங்கோ குழந்தை சிணுங்கியது.

"நல்ல பேருங்க" என்றாள் ஹருயோ. குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குனிமோத்தோ என்னைப் பார்த்தான். "முறைக்குச் சொன்னாங்களா, இல்ல நெசமாவே சொன்னாங்களா அக்கா?"

ஊரில் எல்லாருடைய விஷயத்துக்கும் பதில் வைத்திருப்பவள் நான். "அவங்களையே கேளுடா. திரும்பப் போடு" என்றேன்.

"அடுத்த திங்கக்கிழமை கேக்கறேன்" என்றான்.

திங்கள்தோறும் போன் போடுகிறான். அவளும் எடுக்கிறாள். மழையைப் பற்றியும் பேத்திக்கு முளைத்த பல்லைப் பற்றியும் பேசுகிறார்கள். அதை மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை.