சாக்பீஸ் போட்டு வைத்த ஹெல்மெட்

எங்கள் கல்லூரியின் மொழித்துறை அறையில், இரும்பு பீரோவின் மேல் ஒரு ஹெல்மெட் மல்லாந்து கிடக்கிறது. கறுப்பு நிறம், ஒரு பக்கம் விரிசல், முகக் கண்ணாடி இல்லை. அதற்குள் சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறோம். தமிழ்க்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் வகுப்புக்குப் போகும் வழியில் கையை உள்ளே விட்டு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இதென்ன கூத்து என்று கேட்பார்கள். இந்தி மேடம் வைத்தது என்று சொல்வேன். அவருடைய மண்டையை உடைத்ததும் இதுதான் என்பதைக் கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

மடத்துக்குளத்துக்கும் கணியூருக்கும் நடுவே, கரும்புக்காட்டை ஒட்டிய சின்னக் கல்லூரி எங்களுடையது. கலைப்பிரிவுப் பையன்களில் பாதிப்பேர் இரவில் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் தலை சாய்ப்பவர்கள். தூங்காத நேரத்தில் அடித்துக்கொள்வார்கள். பைக் நிறுத்தும் இடத்துக்கு, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு, கோயில் நோம்பித் திருவிழா பேனரில் யார் முகம் பெரிது என்பதற்கு. நான் ஆங்கிலம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அடிதடியைப் பார்த்து வளர்ந்தவன்தான், ஆனாலும் இங்கே வகுப்பு எடுப்பதைவிட விலக்கிவிடுவதில்தான் எனக்குத் தொண்டை கட்டியது. இந்தி மேடம் கொமரலிங்கத்துக்காரர், தோட்டம் துரவு உள்ள குடும்பம், கணவருக்குச் சின்னதாக ஒரு பனியன் யூனிட். வடக்கே ஒரு நாள்கூடப் போகாமல் பரீட்சை எழுதி எழுதியே இந்தி படித்தவர். அவரிடம் படித்தது வடக்கிலிருந்து வந்து குடியேறிய நூல் ஏஜென்டுகளின் பிள்ளைகள் சிலர் மட்டும். மேடம் சட்டென்று கை நீட்டிவிடுவார். டஸ்டர் பறக்கும், காது திருகப்படும். யூனிட் முதலாளிகளின் மகன்கள் சிலர் கல்லூரி முடிந்தபின் அவரிடம் இந்தி கற்க வருவார்கள். வந்த வேகத்தில் நின்றும்விடுவார்கள். "வடக்கத்தி ஆளுகளைத் திட்டறதுக்கு மட்டும் சொல்லிக் குடுங்கங்கறானுக சார். நான் தயவுசெய்துங்கற வார்த்தையில ஆரம்பிச்சா, அடுத்த நாள் ஆளக் காணோம்" என்று சிரிப்பார்.

வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற புரளி போனுக்குப் போன் பரவிய வாரம் அது. மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டு இளைஞன் ஒருவன் எங்கள் வாட்ச்மேனின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தான். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிய கையோடு அறைந்தார்கள். பிறகு பெல்ட், பிறகு கல், பிறகு கையில் கிடைத்ததெல்லாம். நான் ஓடிப்போனபோது அவன் வேப்பமரத்தடியில் கிடந்தான். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. உடைந்த பல் மண்ணில் கிடந்தது. பூட்ஸ் காலால் விலாவில் உதைக்கும் சத்தம் ஈர மூட்டையைத் தரையில் போடுவதுபோல் கேட்டது. "ஏல, விடுங்கல, செத்துருவாம்ல" என்று என் ஊர்ப்பேச்சிலேயே கத்தினேன். ஒரு முழங்கை என் மூக்குக்கண்ணாடியை நொறுக்கியது. சுற்றி நின்றவர்கள் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல்வர் போலீசுக்குப் போன் செய்துவிட்டுத் தன் அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மேடம் வந்தார். சாப்பிட்ட கை கழுவவில்லை. அந்தத் தயிர்ச்சோற்றுக் கையாலேயே முன்னால் நின்ற இருவரைப் பளார் பளார் என்று அறைந்து தள்ளிவிட்டு, அடிபட்டவனை மறைத்துக்கொண்டு நின்றார். அவனோ வாயில் ரத்தம் குமிழியிட, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான். கூட்டத்தின் தலைவனாக நின்ற மூன்றாமாண்டு மாணவன், கையில் ஹெல்மெட்டோடு, "மேடம், என்ன சொல்றான்னு கேளுங்க. புள்ளயத் தூக்கினத ஒத்துக்கிட்டான்னா இங்கயே முடிச்சுருவோம்" என்றான். எல்லோரும் அடங்கினார்கள். மேடத்தின் இருபது வருஷ வேலையில் அத்தனை மாணவர்கள் ஒன்றாக இந்தியைக் கவனித்தது அன்றைக்குத்தான். அவர் குனிந்து கேட்டார். நிமிர்ந்து, வகுப்பில் பொருள் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "பாப்பா ரோட்டுக்கு ஓடுச்சு, லாரி வந்துச்சு, புடிச்சுத் தூக்கிட்டு வந்தேங்கறான். எனக்கும் ஊட்டுல இத்தன வயசுல தங்கச்சி இருக்குதுங்கறான்."

"மேடம் பொய் சொல்றாங்கடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹெல்மெட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் நூல் ஏஜென்ட் ஒருவரின் மகன் நின்றான். வீட்டில் இந்தி பேசுகிறவன். அன்று காலையில்தான் மேடம் அவன் காதைத் திருகி வெளியே நிறுத்தியிருந்தார். "நீ சொல்றா, மேடம் சொன்னது நெசமா?" என்று ஹெல்மெட்டுக்காரன் அந்தப் பையனைக் கேட்டான். அவன் மேடத்தைப் பார்த்தான், கீழே கிடந்தவனைப் பார்த்தான். "ஆமாங்கண்ணா. அதையேதான் சொல்றான்" என்றான். சிலரின் கை தாழ்ந்தது. சிலர் கல்லைக் கீழே போட்டார்கள். ஹெல்மெட்டுக்காரனுக்கு மட்டும் வெறி இறங்கவில்லை. ஓங்கினான். மேடம் அப்படியே அடிபட்டவன் மேல் கவிழ்ந்தார். அடி அவர் இடது காதில் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிச் சேலையை நனைத்தது. "அய்யோ, மேடத்த அடிச்சுப்போட்டான்" என்று அலறியவர்கள், அதுவரை அடித்துக்கொண்டிருந்தவர்களேதான். வடநாட்டுக்காரனின் ரத்தத்துக்கு நிற்காத கூட்டம் உள்ளூர்ப் பெண்ணின் ரத்தத்தைக் கண்டதும் நின்றது.

உடுமலை ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு படுத்திருந்தவர் என்னை வலது பக்கம் வரச் சொன்னார். "சார், அது இந்தியே இல்லீங்க" என்றார். பின்னே அவன் பேசியது என்ன என்று கேட்டேன். "ஒடிசாப் பக்கத்து ஒடியாவா இருக்கோணும். எனக்கு ஒரு வார்த்த புரியல. அந்தப் பாப்பா எந்நேரமும் ரோட்டுக்கு ஓடுமுங்க. இப்படித்தான் நடந்திருக்கும்னு தோணுச்சு, சொல்லிப்போட்டேன்." வாட்ச்மேன் மனைவி அதற்குள் வந்து, நடந்தது அதுதான் என்று அழுதுவிட்டுப் போயிருந்தார். "அந்தப் பையனுக்கு அது இந்தி இல்லைன்னு தெரியுமுங்க. தெரிஞ்சுதான் தலையாட்டுனான். எங்கிட்டப் படிச்சதுல உருப்பட்டது அவன் ஒருத்தன்தான்." சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. அடிபட்டவனின் தாடையைக் கட்டி, வாக்குமூலம் கொடுக்கும் முன்பே மில்காரர்கள் ரயிலேற்றிவிட்டார்கள். மிஞ்சியது மேடத்தின் புகார். ஹெல்மெட்டுக்காரனின் அப்பா பெரிய கம்பெனி முதலாளி. மேடத்தின் கணவர் யூனிட்டுக்கு வேலை வருவதே அங்கிருந்துதான். "ஸ்டேசனுக்குப் போகவே வேண்டீதில்லீங்க சார். எங்க ஊட்டுக்காரரு சோத்துத் தட்டு முன்னாலயே கேஸை முடிச்சுப்போட்டாரு" என்றார். மேடத்தின் இடது காது கேட்காமலே போயிற்று. மரத்தடியில் கிடந்த ஹெல்மெட்டை யாரும் கேட்டு வரவில்லை. அவர் எடுத்துவந்து, ரத்தத்தைக் கழுவி, சாக்பீஸைக் கொட்டி பீரோ மேல் வைத்தார்.

ஆனால் அந்த இளைஞன் உண்மையில் என்ன சொன்னான் என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மாணவர்கள் பெருமையாக எடுத்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. அவர் அதைக் கணவர் யூனிட்டில் தைக்கும் ஓர் ஒடியாப் பெண்ணிடம் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "வேணாம் மேடம், நல்லா இல்ல மேடம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். வற்புறுத்திக் கேட்டு வந்து என்னிடம் சொன்னார். அவன் கெஞ்சவே இல்லை. எங்களையெல்லாம் வைதிருக்கிறான். முதல் பாதி எழுதத் தகாதது, எங்கள் தாய்மார்களைப் பற்றியது. இரண்டாம் பாதி, அடித்த கை புழுத்துப்போகட்டும், உன் பிணத்தின் முன் அழ ஓர் ஆள் இல்லாமல் போகட்டும் என்பது. "பல்லு போயி, சாகக் கெடக்கறான், அப்பவும் வைது வுட்டிருக்கான் பாருங்க சார். நான் அதப்போயி தங்கச்சின்னு மாத்தினேன்" என்று மேடம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த இரண்டாம் பாதியை அந்தப் பெண்ணிடமே மனப்பாடமும் செய்துகொண்டார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம், கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஹெல்மெட்டுக்காரன் வந்தான். இப்போது அப்பாவின் கம்பெனியை நடத்துகிறான். விழா மேடைக்குக் கூரை போட்டுத் தந்தவன். மூத்த ஆசிரியர் என்று மேடத்தைத்தான் சால்வை போர்த்தக் கூப்பிட்டார்கள். போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். போர்த்திவிட்டு, கைகளைக் கூப்பி, மலர்ந்த முகத்தோடு, மைக்கில் அந்த ஒடியா வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவன் இந்தி வாழ்த்து என்று நினைத்துத் தலை குனிந்தான். மாணவர்கள் கை தட்டினார்கள். "என்னங்க மேடம் சொன்னீங்க?" என்று பவ்யமாகக் கேட்டான். "நல்லா இருக்கோணும்னு சொன்னேன் கண்ணு" என்றார் மேடம். "ரொம்ப நன்றிங்க" என்றான் அவன். கீழே முதல் வரிசையில் நான் மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இந்திக்கு ஆளில்லை, அந்த நாற்காலியில் விடைத்தாள் கட்டுகள் இருக்கின்றன. போன வாரம் ஒரு புது விரிவுரையாளர், பழைய இரும்புக்குப் போடலாமே சார் என்று ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். வாங்கித் திரும்ப பீரோ மேல் வைத்தேன். கல்லூரி கேட்டில் ஹெல்மெட்டுக்காரனின் படம் போட்ட பேனர் இந்த வருடமும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் அறைக்கு வருகிறேன். சாக்பீஸ் எடுக்கக் கையை உள்ளே விடும்போது, மேடம் எனக்கும் கற்றுக்கொடுத்த அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தடவை சொல்கிறேன். உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லை.