பிள்ளையின் முன்னால் அண்ணை விரித்த புத்தகம்

உடுவிலில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்து, நாற்பத்தொரு வயதில் எங்களை விட்டுப் போன அண்ணையைப் பற்றி எழுதும்படி அவருடைய மனைவி, என் மச்சாள், என்னிடம் கேட்டார். "நீங்கள்தானே வீட்டிலை எழுதிற ஆள்" என்றார். எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது என் பிழைதான். அதை மறைத்துவிட்டு அவருடைய நற்குணங்களை மட்டும் அடுக்கினால் இந்த நினைவு மலர் பொய்யாகிவிடும்.

அண்ணை பிறக்கும்போதே உதடும் மேல்வாயும் பிளந்திருந்தன. உதட்டைக் குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். மேல்வாயைத் தைக்கக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். அது போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். ஒருவழியாக அது நடந்து முடிந்தபோது அவர் வளர்ந்துவிட்டார், மூக்கால் வரும் பேச்சும் அவரோடு வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து பாடம் வாசித்தால் வகுப்பே சிரிக்கும். படிப்பை இடையில் விட்டுவிட்டு, மருதனார்மடச் சந்திக்கு அருகே மாவும் மிளகாயும் அரைக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் அந்த மில்லை அவரே எடுத்து நடத்தினார். "மில் ஓடேக்கை எல்லாருக்கும் ஒரே குரல்தான், தங்கச்சி" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த இரைச்சலில் கையால் காட்டினால் போதும்.

திருமணமாகி ஆறாம் வருடம் மகள் பிறந்தாள். அவளுக்கும் மேல்வாய் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அண்ணை அழுததை நான் கண்டேன். "என்ரை பிள்ளைக்கு நான் குடுத்தது இதுதான்" என்றார். அவளுக்குக் காலம் தாழ்த்தவில்லை, ஒரு வயதிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு வயதானபோது, பேச்சுச் சிகிச்சை தரும் மிஸ், நாள்தோறும் பிள்ளையோடு இருந்து படப் புத்தகம் வாசிக்கச் சொன்னார். அண்ணை அன்றைக்கே ஒரு புத்தகம் வாங்கிவந்து, பிள்ளையை முன்னால் இருத்தி வாசிக்கத் தொடங்கினார்.

நான் முன்பள்ளி ஆசிரியை. குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு.

"அண்ணை, நீங்கள் வாசிக்காதேங்கோ. பிறகு பிள்ளையும் உங்களை மாதிரித்தான் கதைக்கும். நான் வாசிக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்" என்று புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனார்.

நாலு மாதம் அவர் பிள்ளையோடு வாய் திறந்து கதைத்ததே குறைவு. நானோ அவள் சொல்வதையெல்லாம் திருத்தினேன். "அப்பிடி இல்லை, திருப்பிச் சொல்லு" என்று விடாமல் நின்றேன். பிள்ளை போகப்போகச் சொல்வதையே விட்டுவிட்டு, வேண்டியதை விரலால் காட்டத் தொடங்கினாள்.

அடுத்த கிளினிக்கில், வீட்டில் வாசிப்பது யார் என்று மிஸ் கேட்டார். நான் காரணத்தோடு சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"உங்கடை குரலாலை பிள்ளைக்கு ஒரு கெடுதியும் வராது. முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஆள்தான் அவவுக்கு வேணும். நீங்களே வாசியுங்கோ. அவ சொல்லுறதைத் திருத்தாதேங்கோ, அதோடை ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கோ."

அதன்பின் அண்ணைக்கு மாலை என்றால் பிள்ளைதான். மில்லால் வந்ததும் மிளகாய்த் தூள் போக மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். அப்படியும் நம்பிக்கை வராமல் தாள்களைப் பிள்ளையையே புரட்ட விடுவார். "உது என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் காத்திருக்கும் நேரத்தில் நான் ஒரு புத்தகத்தையே முடித்துவிடுவேன். பிள்ளை "பூ" என்று ஏதோ ஒரு மாதிரிச் சொல்வாள். "ஓம், சிவப்புப் பூ" என்பார். மறுநாளும் அதே பூ, அதே கேள்வி. வகுப்பே சிரித்த குரலை அவர் ஒளிக்காமல் எடுத்துப் பேசியதை என் வாழ்நாளில் அப்போதுதான் கேட்டேன்.

ஒரு காலை அவர் மில்லுக்கு வெளிக்கிடும்போது, பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, வாசி" என்றாள். தெளிவாக வந்த முதல் 'அப்பா' அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். அன்று மில் திறக்கப் பிந்தியதற்கு, மிளகாய்ப் பையோடு காத்து நின்ற பெண்கள் அவரை நன்றாக ஏசினார்கள். ஏச்சு முழுவதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

அந்தச் சந்தோசம் ஐந்து மாதம்தான். மில்லில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய சந்திக் கடைக்காரர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு தந்த அயலவர்களுக்கும், செத்தவீட்டுக்குத் தானாக வந்து பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த மிஸ்ஸுக்கும், முப்பத்தோராம் நாளான இன்று கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்குக்கு எங்களோடு நிற்கும் உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். யாருக்காவது சொல்லாமல் விட்டிருந்தால் துயரத்தில் நேர்ந்த தவறென்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த நாலு மாதத்தை அவருக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

போன கிழமை பிள்ளையை முன்னால் இருத்தி, என் முன்பள்ளிக் குரலில், ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தேன். அவள் கடைசித் தாள் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு புத்தகத்தை மறுபடி முதலாவது பக்கத்துக்குத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

"மாமி, வடிவா வாசி. அப்பா மாதிரி."

— தங்கை