சுத்தியலுக்குக் கீழே ஒன்பது பை

2023 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. இரவெல்லாம் பெய்த மழை தூறலாக இளைத்திருந்தது. பாண்டிருப்பிலிருந்து பாஸ் வந்தார்; கட்டு வேலை, இரும்பு வேலை செய்பவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பழைய மோட்டரும் லொறி வில்லுத்தகடுகளும் இருந்தன. தகடுகள் ஏழு. கல்முனையிலுள்ள எங்கள் பின்வளவில் அவர் இறக்கி முடிப்பதற்குள் இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பின்வளவில் சிறிய கொல்லுப்பட்டறை வைத்துக் கத்தியும் கோடரியும் அடிப்பது ஒன்றே எனக்கு மிஞ்சிய ஆசை. வலது தோள்மூட்டு தேய்ந்தபின் ஐந்து நிமிடத்துக்கு மேல் சம்மட்டி தூக்க முடியவில்லை. மோட்டர் சுழல, வில்லுத்தகட்டு நுனியில் தொங்கும் இரும்புத் தலை தானாக எழுந்து விழும் விசைச் சுத்தியல் ஒன்று அமையாவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

பாஸ் இரும்பு ஒட்டுவதில் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. குறைவாகக் கதைப்பவர் வேறு.

"நம்மட நிலம் கடல் மணல் சேர். சுத்தியல் அத்திவாரத்துக்கு நாலடி தோண்டி, பன்னிரண்டு பை சீமெந்து போடணும்" என்றார்.

என் கணக்கில் ஒன்பது போதும். கூலி பேசப் போன அன்று அவருடைய வீட்டு முன்மதில் பாதியில் நிற்பதைப் பார்த்திருந்தேன். மிச்சம் மூன்று பை எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதே வாங்கினேன். மாலைதோறும் வெறும் பைகளைக் குனிந்து எண்ணினேன். கடைசி நாள் பாஸே அவற்றைக் கட்டிக்கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார்.

"ஒன்பது இரிக்கி சேர். கயிறு மட்டும் என்ட, அதக் கழட்டித் தாங்க."

ஒன்பது பைக்கு மூன்றடி ஆழமே கட்டுப்பட்டது. "இது உங்கட கணக்கு சேர்" என்று மட்டும் சொன்னார்.

சுத்தியல் அடித்தது. நிமிடத்துக்கு நூற்று அறுபது அடி. சிவந்த இரும்பு மாவைப் போலப் பரந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பதினோராம் நாள் அத்திவாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் மாமனார் ஒரே வளவைப் பிரித்துத்தான் சீதன வீடுகள் கட்டிக்கொடுத்தார். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. அதன் சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு.

வேலிக்கு அப்பால் நின்று மைத்துனி கேட்டாள்: "மச்சான், உங்கட சுத்தியல் இரும்புக்கா அடிக்கி, எங்கட கிணத்துக்கா?"

"பாஸக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. "கூப்பிட்டுப்போட்டு வாயப் பொத்திக்கிட்டு இரிங்க."

எனக்கோ, என்னைத் தோற்கடிக்கவென்றே அவர் மணலைக் கூடுதலாகக் கலந்திருப்பாரோ என்ற எண்ணம். பாஸ் வந்தார். சரிந்த அத்திவாரத்தின் மேல் நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உடைச்சுத் திரும்பப் போடுறன். கிணத்தையும் பூசித் தாறன். ஆனா வேல முடியுமட்டும் சேர் வீட்டுக்குள்ள இரிங்க."

மூன்று நாள் உள்ளே இருந்தேன். கத்தி பையைக் கிழிக்கும் சத்தத்தைக் காதால் எண்ணினேன். பன்னிரண்டு. ஒரு குறையும் அகப்படவில்லை; அதுவும் மனதை அரித்தது.

கூலியை நீட்டியபோது பாஸ் வாங்கவில்லை.

"வேணாம் சேர். ரெண்டாந்தரமும் கூலி எடுத்தா, முதல் தரம் நான் களவெடுத்ததாப் போயிரும்."

மதிலைப் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எண்ணக் குனிந்த என் முதுகிலிருந்தே என் சந்தேகத்தை வாசித்திருக்கிறார்.

இன்றும் சுத்தியல் நேராக நிற்கிறது; காலையில் ஒரு மணித்தியாலம் அடிக்கிறேன். சந்தையில் கண்டால் பாஸ் தலையசைப்பார், நிற்கமாட்டார். அந்தக் கூலியை வாங்காததில் வேறேதும் உள்நோக்கம் இருந்ததா என்று இப்போதும் சில வேளை யோசிக்கிறேன், யோசித்துவிட்டு வெட்கப்படுகிறேன். மோட்டர், இரும்பு, இருபத்தொரு பை சீமெந்து, கிணறு, ஒரு தரக் கூலி எல்லாமாக நான்கு இலட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபது ரூபா.