உயரம் குறையாத பைக்

பலாபத்வல என்ற ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார்; எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றே கூப்பிடுவோம். தாடியிலும் கிரீஸ் பூசியிருக்கும். வண்டியைப் பார்க்குமுன் வந்தவரின் காலைத்தான் பார்ப்பார்.

நான் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய குரூசர் பைக்கை நிறுத்தினால், எனக்குக் கால் தரைக்குச் சரியாக எட்டாது. விழுந்துவிடுவேனோ என்று ஒரே பயம்.

"நானா, பின்னால கட்டையான ஷாக் அப்சார்பர் போட்டு வண்டிய இறக்கித் தாங்க."

"இறக்கலாம் தம்பி. வளைவுல சாஞ்சா ஃபுட்ரெஸ்ட் ரோட்டுல இடிச்சு, பின்சில்லு ரோட்ட விட்டுத் தூக்கிடும். நின்னு விழப் பயமா, ஓடி விழப் பயமா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப சப்பாத்தக் கழட்டுங்க."

பழைய டயரை வெட்டி என் காலணிகளின் அடியில் தடிப்பாக ஒட்டித் தந்தார். கால் தரையில் நன்றாக ஊன்றியது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இப்போது பைக்கில் பயமே இல்லை. இறங்கி அந்தத் தடித்த சப்பாத்தோடு நடக்கத்தான் பயமாக இருக்கிறது, எங்கே தடுக்கி விழுவேனோ என்று. அந்த மனிதர் இதை நினைத்துத்தான் சிரித்தாரோ, தெரியவில்லை.