முதல் பாட்டும் இருபது மட்டன் ரோல்ஸும்

என் மனைவிக்கு ஓர் இத்தாலிப் பாடகரைப் பிடிக்கும். பிடிக்கும் என்று சும்மா சொல்கிறேன். தராசின் ஒரு தட்டில் அந்த ஆளையும் மறு தட்டில் என்னையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றினால் எது சாயும் என்று நான் இதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. பயம்தான் காரணம்.

அவருடைய தொழில் வரலாறு எனக்கு மனப்பாடம். நான் தேடிப் படித்ததல்ல, முப்பது வருடமாகக் காதில் ஊற்றப்பட்டது. நாங்கள் ஊரைவிட்டு இத்தாலியின் பலேர்மோவுக்குப் போய்ச் சேர்ந்த காலத்தில்தான் அவரும் கிளம்பினார். ஏதோ ஒரு கடற்கரை ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் புதுமுகங்களுக்கான பரிசைத் தட்டிக்கொண்டு வந்தார். தோள்வரை முடி, மேலே இரண்டு பொத்தான் பூட்டாத சட்டை. எழுதுவதும் அவரே, மெட்டுப் போடுவதும் அவரே. மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும் ஒரு பெண்ணைப் பார்த்து, நீ இறங்கிப் போனால் இந்தத் தெருவுக்கு வெயிலே வராது என்று உருகியதுதான் முதல் பாட்டு. அந்த உடுப்பு காய்ந்ததா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் நாடே அழுதது.

பிறகு கலியாணம் கட்டினார், ஓர் அல்பம் வந்தது. மனைவியை விட்டார், இரண்டு அல்பம் வந்தது. அதே பாட்டுகளை ஸ்பானிய மொழியில் பாடித் தென்னமெரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஆங்கிலத்தில் ஒன்று போட்டார். அதை அவருடைய தாயார்கூட வாங்கியிருக்கமாட்டார், என் மனைவி இரண்டு வாங்கினாள். அடுத்து தாடி வளர்த்து உலக சமாதானத்தைப் பற்றிப் பாடினார். முடி கொட்டியதும் தொப்பி வந்தது. அந்தத் தொப்பியோடு தொலைக்காட்சிப் போட்டியில் நடுவராக உட்கார்ந்து, தன்னைவிட நன்றாகப் பாடிய பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொன்னார்.

இந்த மனிதரிடம்தான் என் மனைவி இத்தாலி மொழி படித்தாள். அவள் வேலை செய்த வீட்டில் தூக்கிப் போட்ட காசெட் ஒன்றை எடுத்துவந்து, தேயும்வரை கேட்டாள். அதனால் முதல் இரண்டு வருடம் அவளுக்குக் காதலிக்க மட்டும்தான் தெரியும், தக்காளி வாங்கத் தெரியாது. வதிவிட அனுமதி அலுவலகத்தில் எங்கள் பத்திரங்களை அதிகாரி தள்ளிவிட்டபோது, "நீங்கள் என்னைக் கைவிட்டால் விடியும்வரை இந்தப் படியிலேயே நிற்பேன்" என்று பாட்டில் வருகிறபடியே சொன்னாள். அந்த ஆள் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு முத்திரை குத்தினான்.

நாலைந்து வருடத்தில் அந்த மொழியில் அவள் எங்கேயோ போய்விட்டாள். பலேர்மோவில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொலிஸ் எதுவென்றாலும் அவள்தான் வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படிக்கட்டில் வரிசை நிற்கும். என்னைத் திட்டுவதும் இத்தாலியில்தான். பல்கனியில் நின்று, இரண்டு கையையும் விசிறித் திட்டுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் யன்னலைத் திறந்து அவள் பக்கம் நியாயம் பேசுவார்கள்.

இத்தாலிக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் லண்டனுக்கு வந்தோம். பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று எல்லோரும் சொன்ன காரணத்தைத்தான் நானும் சொன்னேன். அவளிடம் கேட்டேனா என்றால், இல்லை. அறிவித்தேன்.

செவன் கிங்ஸில் வீடு. அவளுக்கு சாண்ட்விச் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. காதில் சத்தம் அடைக்கும் கருவி, கையில் உறை, எட்டு மணித்தியாலம் வாய் திறக்கத் தேவையில்லை. ஊருக்கே வாயாக இருந்தவளுக்கு, இங்கிலீசு வராததால் டொக்டரிடம் மகள் போய்க் கதைக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. நான் அதைச் சமாதானம் என்று நினைத்தேன். சொந்தக்காரர்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் பாடகர் லண்டனுக்கு வந்தார். பெரிய அரங்கெல்லாம் அவருடைய காலத்தோடு போய்விட்டது. நானூறு பேர் கொள்ளும் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துத் தந்தாள்.

"அவன் எப்பவும் அந்த முதல் பாட்டோடதான் தொடங்குறவன்" என்றாள் மனைவி. "அதை ஒருக்கா நேர கேட்டாப் போதும் எனக்கு."

அன்றைக்கு ஒரு மணிக்கே வெளிக்கிட்டு நின்றாள். பலேர்மோச் சந்தையில் வாங்கிய கறுப்புச் சட்டை, சிவப்பு லிப்ஸ்டிக். அந்த நிறத்தை நான் லண்டனில் கண்டதே இல்லை.

"சரியா மூண்டுக்குத் தொடங்குவாங்கள். வெளிக்கிடுங்கோ" என்றாள்.

"எங்கட சாமத்தியச் சடங்கு வீடுகளில கார்ட்டில அஞ்சு மணி எண்டா, பிள்ளை எத்தினை மணிக்கு மேடைக்கு வாறது?"

"ஏழுக்கு."

"பிறகென்ன? இத்தாலிக்காரன் எங்களுக்குக் குறைஞ்சவனே?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகர் சீடியில் கையெழுத்துப் போடுவார் என்று டிக்கெட்டில் இருந்தது. ஒரு மனிதரைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டா போவது? இல்போர்டில் இறங்கி மட்டன் ரோல்ஸ் இருபது சொன்னேன். எண்ணெய் சூடாகவில்லை என்றார்கள். சூடாகும்வரை நின்றேன். அவள் கடை வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மூன்றே முக்கால். தொப்பி வைத்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை இத்தாலிப் பெண்ணிடம் அவள் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் பாவம் பார்த்த மாதிரி அவளுடைய கையைத் தொட்டாள்.

"அந்தப் பாட்டு முடிஞ்சுதாம்" என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

ஐந்து மணிக்கு மண்டபத்தில் வேறு நிகழ்ச்சி இருந்ததால் மூன்று அடித்ததும் தொடங்கிவிட்டார்களாம். கடைசியில் சனம் இன்னொன்று கேட்டுக் கத்தியது. அந்தப் பாட்டாக இருக்கட்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன். அவர் உலக சமாதானத்தைப் பாடினார்.

கையெழுத்து வரிசையில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் முறை வந்ததும் நான் முந்திக்கொண்டேன். சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியபோது பொறுக்கிய என்னுடைய இத்தாலியில், "தலைவரே, பிழை என்னுடையது. இவள் முப்பது வருடம் காத்திருந்தாள். நான் இதை வாங்கப் போனேன். முதல் பாட்டு போய்விட்டது" என்று சொல்லி, ரோல்ஸ் பையை மேசையில் வைத்தேன்.

கிட்டத்தில் பார்த்தால் அவரும் என்னைப்போல ஒரு கிழவர்தான். தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். "குரல் முடிந்துவிட்டது. நீங்களே பாடுங்கள்" என்றார் அவளிடம்.

பாடினாள். அவளுக்குக் குரல் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சரணத்தில் அவரும் சேர்ந்தார், பாதியில் வரி மறந்து திணறினார். அவள் நிறுத்தாமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுதியவருக்கே மறந்துவிட்டதா என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். இரண்டு கையையும் விசிறிக் கதைத்தாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று அவர் கேட்டார்.

"பலேர்மோ."

அவர் கொஞ்சம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவள் அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

"பிறகு ஏன் இங்கே?"

அவள் பெருவிரலால் என்னைக் காட்டினாள். பின்னால் நின்ற அத்தனை இத்தாலிக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஒரு மனுசியின் வாயைப் பிடுங்கிப் பன்னிரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தவன் நான்தான் என்று, அந்தத் தொப்பிக்காரர் ரோல்ஸைக் கடித்து சீடி அட்டையில் எண்ணெய் பிரட்டிய நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

ரயிலில் ஸ்ட்ராட்போர்ட் வரை அவள் சீடி அட்டையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் இத்தாலியில், "பிழை என்னுடையதுதான்" என்றேன்.

"பாட்டுக்கு மட்டுமா?" என்றாள், அவளும் இத்தாலியில்.

இல்லை என்றேன். அவ்வளவுதான், தொடங்கினாள். ரோல்ஸில் தொடங்கி, தொழிற்சாலைக்குப் போய், டொக்டருக்குப் போய், நான் அறிவித்த நாளுக்குப் போனாள். முன்னால் இருந்த பொடியள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது, அதுவே போதுமான அளவு உறைத்தது. செவன் கிங்ஸ் வந்து கதவு திறந்தது. அவளுடைய இரண்டு கையும் காற்றில் இருந்தன. இறங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.