தோள் வலி

செஞ்சி பேருந்து நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் செல்போனில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டே, "தோத்தவன் நடிக்கிறான்டா" என்று கத்தினார்கள்.

1964 பிப்ரவரி கடைசியிலும் இதே பேச்சுதான். யாராலும் வெல்ல முடியாதென்று பேசப்பட்ட குத்துச்சண்டை உலகச் சாம்பியன், தோள் வலியென்று முக்காலியைவிட்டு எழாமலே பட்டத்தை இழந்திருந்தான். மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே, என் அப்பா, நைனா, சத்தமாகப் பேப்பர் படிப்பார். மூட்டை தூக்கும் அந்தோணி மாமா கேட்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

"நெசமாத்தான் இருக்கும் மச்சான். எனக்கே ஒரு வாரமா தோளு தூக்க முடியல."

"இன்னா அந்தோணி, அவனும் நடிப்பு, நீயும் நடிப்பா?" என்றார் நைனா.

மண்டியே சிரித்தது. மாமா எழுந்துபோய் மூட்டையைத் தூக்கினார். அதன்பின் அந்தக் கை மேலே எழவேயில்லை.

சாம்பியனின் தோள் காயம் உண்மைதான் என்று டாக்டர்கள் சொன்ன செய்தியும் பேப்பரில் வந்தது. அதை மட்டும் நைனா மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை.