ஆளை ‘இது’ என்று எப்படிச் சொல்வது?

யட்டியாந்தோட்டைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதி தேயிலையுமான ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதிலும் யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க எரிந்து விழுவேன். டவுனில் மூன்று வருடம் டியூஷனுக்கு அலைந்து படித்த இங்கிலீஷ் அல்லவா, அந்தத் திமிர்.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த வருடம் அது. கித்துல்கல ஆற்றில் படகு விடுவதற்கு வெள்ளைக்காரர்கள் மறுபடி வர ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் தேயிலையை வாங்குகிறவர்களும் தோட்டத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டார்கள். அப்படி வருகிறவர்கள் முதலில் பார்க்கக் கேட்பது பிள்ளைக் காம்பராவைத்தான். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருவர். பன்னிரண்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மழைநாளில் சறுக்கி விழுந்து முழங்கால் போனபிறகு தற்காலிகமாக அங்கே போட்டிருந்தார்கள். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வருகிறவர்களிடம் தன்னையும் மற்றவர்களையும் இங்கிலீஷில் அறிமுகப்படுத்த அந்த அம்மாவுக்கு முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் டவுனிலிருந்து படித்த பிள்ளை ஒன்றை எடுப்பார், அக்கா பழையபடி மலைக்குப் போக வேண்டியதுதான். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் மலை ஏற முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பத்து நாள்தான் இருந்தது.

சின்ன வயதிலிருந்து என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர், நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஐயா என்று மாற்றிக்கொண்டார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

வேலை முடிந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் போனபிறகு பாடம் நடக்கும். ‘குட் மோர்னிங்’, ‘ஐ ஆம்’, ‘ப்ளீஸ்ட் டு மீட் யூ’ எல்லாம் இரண்டே நாளில் அவருக்கு வந்துவிட்டன. தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்குகிற பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகினாராம். பஸாரில் அவர் பேசுகிற சிங்களத்தைக் கேட்டு, தமிழாள் என்று கடைக்காரர்களுக்கே தெரியாது. அவருக்கு மூன்றாவது பாஷை ஒரு பாரமாகவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

சிக்கல் மூன்றாம் நாள் வந்தது. மற்றவர்களை அறிமுகப்படுத்த ‘திஸ் இஸ்’ என்று தொடங்க வேண்டும் என்றேன். ‘திஸ்’ என்றால் என்ன என்று கேட்டார். ‘இது’ என்றேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

“பெரிய தொரையப் போயி இதுன்னு சொல்றதாங்கய்யா? கைப்புள்ளையத்தான் இதும்போம்.”

இங்கிலீஷ்காரனுக்கு அது மரியாதைதான் என்றேன். அவர் ஒப்பவில்லை. இவங்க, அவங்க என்று சொல்ல அவர்களிடம் ஒரு வார்த்தைகூடவா இல்லை என்று கேட்டார். எரிச்சலில், ‘தே’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பல பேரைச் சொல்வது, ஒருத்தருக்கு ஆகாது என்றேன். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ‘தே ஆர் அவர் மேனேஜர்’தான், ‘இவங்க எங்க மேனேஜர்’ என்று. நான் கத்தினேன், எழுதிக்கொண்டிருந்த சோக்கைத் தூக்கி எறிந்தேன். அவர் நொண்டி நொண்டிப் போய் அதைப் பொறுக்கி, பிள்ளைகள் வாயில் போடாதபடி உயரத்தில் வைத்தார். கோபம் ஆறியபிறகு அடுத்ததைச் சொல்லும்படி சாதுவாகக் கேட்டார். துரை சிரிக்கப்போகிறார், வேலை போகப்போகிறது, பழி என் மேல் விழப்போகிறது என்று பயந்துகொண்டே மிச்ச நாட்களைத் தள்ளினேன்.

வந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அக்கா வெளுத்த சேலையில் வாசலில் நின்று வணக்கம் சொன்னார், தான் யார் என்று சொன்னார், குரல் நடுங்கவில்லை. தொட்டிலைக் காட்டி “திஸ் இஸ் அவர் பேபி” என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து துரையைப் பார்த்து, “தே ஆர் அவர் மேனேஜர்.” போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். பால் கொடுக்க அப்போதுதான் ஓடிவந்த ஒரு தாய், கையெல்லாம் தேயிலைச் சாயத்தோடு ஒதுங்கி நின்றாள். அவளையும் விடவில்லை. “தே ஆர் பேபி மதர்.” கொழுந்து பறிக்கிற ஒருத்திக்கும் துரைக்கும் ஒரே வார்த்தை.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் கொழும்புக் கம்பெனிக்காரர்கள், அதிகாரிகள் என்று எத்தனையோ பேர் தோட்டத்தைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு துரைக்குப் பின்னால் நிற்பேன். நான் யார் என்று ஒருவரும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை.

“தே ஆர் மை டீச்சர்,” என்றார் அக்கா.

அந்த வெள்ளைக்காரப் பெண் எனக்குப் பக்கத்தில் இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று தேடிவிட்டு, என்னிடம் கையை நீட்டினாள். மூன்று வருட டியூஷன் எங்கே போனதோ, ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

“ப்ளீஸ்ட் டு மீட் யூ சொல்லுங்க தம்பி,” என்று அக்கா மெதுவாக எடுத்துக்கொடுத்தார். சொன்னேன்.

அவர்கள் போனபிறகு துரை ஆபீசில் கேட்டார், அந்த ‘தே ஆர்’ நீ சொல்லிக்கொடுத்ததா என்று. வேறு நாளாக இருந்தால் அக்காவே தப்பாகப் பிடித்துக்கொண்டார் என்று கை கழுவியிருப்பேன்.

“நான்தான் சார். அப்படித்தான் சொல்லச் சொன்னேன்,” என்றேன்.

“ஹரி,” என்று துரை சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்துவிட்டு, அந்த அம்மாவை நிரந்தரமாக்கிக் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். இத்தனை வருடம் அங்கே வேலை செய்தவர், இன்ன தேதியிலிருந்து நிரந்தரம் என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதில் அக்காவை ‘ஷி’ என்று எழுத வேண்டியிருந்தது. சரியான இலக்கணம்தான். ஆனாலும் அந்த மூன்று எழுத்தை அடிக்க எனக்கு மனசே வரவில்லை.